மெரினாவில் ஒரு நீலப் புள்ளி

அதிகாலை ஐந்தே கால் மணி. நேப்பியர் பாலத்தின் தென்முனையில் ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரி நிற்கிறார்கள். கையில் போன், முகம் போனுக்குள். ஓட வந்தவர்கள்தான், ஆனால் யாரும் ஓடவில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஏதோ பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர்கள் போலத் தெரியும். அவர்கள் காத்திருப்பது வானத்திலிருந்து வரவேண்டிய சிக்னலுக்கு. 'ஜி.பி.எஸ். தயார்' என்று திரையில் வந்ததும் ஒவ்வொருவராகப் பட்டனைத் தட்டிவிட்டு, லைட்ஹவுஸ் பக்கமாக ஓடத் தொடங்குகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு வயது அறுபத்திரண்டு. சிந்தாதிரிப்பேட்டைக்காரர். ரிட்டயர் ஆனவர். சுகர் வந்து எட்டு வருடமாகிறது. "தினமும் நடங்க" என்று டாக்டர் சொன்னதால் மெரினாவுக்கு வர ஆரம்பித்தார். நடை வேகமானது, வேகநடை மெல்லோட்டமானது. பெங்களூருவில் வேலை பார்க்கும் மகள் பொங்கலுக்கு வந்திருந்தபோது, ஓட்டத்தை அளக்கும் ஆப் ஒன்றை அவர் போனில் போட்டுக்கொடுத்தாள்.

"இனிமே நீங்க எங்க ஓடுறீங்கன்னு எனக்கு அங்கேயிருந்தே தெரியும்ப்பா."

"தெரிஞ்சு என்னம்மா பண்ணப்போற? நான் என்ன திருடிட்டா ஓடுறேன்?"

கிண்டல் செய்தாரே தவிர, அன்று முதல் ஆப் இல்லாமல் அவர் கிளம்பியதில்லை. பெங்களூருவில் மகள் கண் விழித்ததும் முதலில் பார்ப்பது அந்த லிங்க்கைத்தான். சென்னை வரைபடத்தில், கடலை ஒட்டிய சாலையில், ஒரு நீலப் புள்ளி மெதுவாகத் தெற்கே நகர்ந்துகொண்டிருக்கும். அதுதான் அப்பா.

ஓடுவதற்கென்றே போட்டதுபோல ஒரு சாலை

சென்னையில் ஓடுகிறவர்களுக்கு மெரினாவைப் போல வாய்த்த இடம் குறைவு. நேப்பியர் பாலத்திலிருந்து லைட்ஹவுஸ் வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். போய்த் திரும்பினால் ஆறு கிலோமீட்டருக்கு மேல். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. ஒரு பக்கம் கடல் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து குறுக்கே வண்டி வராது. நடைபாதையும் அகலம்.

தொடங்குகிற இடமே சரித்திரம். மதராஸ் கவர்னராக இருந்த பிரான்சிஸ் நேப்பியர் காலத்தில், 1869-ல் கூவம் கடலில் சேரும் இடத்தருகே கட்டப்பட்டது இந்தப் பாலம். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தபோது, பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் வரைந்து அதையே ஒரு சதுரங்கப் பலகையாக்கிவிட்டார்கள். அந்த நாட்களில் இங்கே ஓடியவர்களில் பலர், ஆப்பில் பதிவான ஓட்டத்தோடு பாலத்தின் செல்ஃபியையும் சேர்த்துத்தான் போட்டார்கள்.

'மெரினா' என்ற பெயரும் ஒரு கவர்னர் வைத்ததுதான். 1881 முதல் 1886 வரை இங்கே கவர்னராக இருந்த கிராண்ட் டஃப், கடலோரம் உலாவுவதற்கென்று பாதை போட்டார். சிசிலித் தீவில் பார்த்த கடற்கரை நினைவில் 1884-ல் அதற்கு மெரினா என்று பெயர் சூட்டினார். இன்றைய அகலமான மணல்வெளி ஆதியிலிருந்தே இருந்ததல்ல. வடக்கே துறைமுகம் கட்டிய பிறகு, கடல் கொண்டுவந்த மணல் அதன் தெற்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, கரை கிழக்கே தள்ளிப்போனது. இன்று பல இடங்களில் சாலையிலிருந்து அலைக்குப் போக முன்னூறு மீட்டர் மணலில் கால் புதைய நடக்க வேண்டும்.

இந்த முன்னூறு மீட்டர் என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

வானத்திலிருந்து வரும் கணக்கு

ஓடுகிறவரின் இடுப்புப் பையில் கிடக்கும் போனுக்கு, அவர் எங்கே இருக்கிறார் என்று எப்படித் தெரிகிறது?

பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றிவருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. 'நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது' என்று அவை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சேதி ஒளியின் வேகத்தில் கீழே வந்துசேர நொடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் ஆகும். வந்துசேர்ந்த நேரத்தை வைத்து, அந்தச் செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று போன் கணக்குப் போடுகிறது. குறைந்தது நான்கிடமிருந்து சேதி கிடைத்தால் தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது.

நேரக் கணக்கு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும், இடம் முன்னூறு மீட்டர் தள்ளிப்போய்விடும். அதாவது, சாலையில் ஓடுகிறவரை அலையில் நிற்பதாகக் காட்டும். அதனால்தான் அணுக் கடிகாரம்.

அமெரிக்க ராணுவத்துக்காக உருவான ஏற்பாடு இது. 1983-ல் கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழிதவறி சோவியத் வான் எல்லைக்குள் போக, அது சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான், ஜி.பி.எஸ். பொதுமக்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தார். அப்படியும் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்துதான் கொடுத்தார்கள். 2000-ம் வருடம் மே மாதம்தான் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். அதற்கு முன்பு இப்படி ஓர் ஆப் இருந்திருந்தால், மெரினா சாலையில் ஓடுகிறவரை ஒரு நிமிடம் மாநிலக் கல்லூரி வளாகத்திலும் மறு நிமிடம் மணலிலும் காட்டியிருக்கும்.

இன்று நிலைமை வேறு. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றின் சேதியையும் போன்கள் கேட்கின்றன. இந்தியாவின் நாவிக்கைக் கேட்கும் போன்களும் வந்துவிட்டன. திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண போன் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாக இடத்தைச் சொல்லிவிடும். மெரினாவில் கிழக்கே முழு வானமும் திறந்துகிடக்கிறது. ஆப்புக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அதே போனோடு திருவல்லிக்கேணியின் குறுகலான தெருக்களுக்குள் புகுந்து பாருங்கள். இருபுறமும் மாடி வீடுகள். சிக்னல் சுவரில் மோதிச் சுற்றிக்கொண்டு வரும். ஓடி முடித்து வரைபடத்தைப் பார்த்தால், யார் யார் வீட்டுக்குள்ளோ புகுந்து, பார்த்தசாரதி கோயில் குளத்தின் மேல் நடந்து வந்ததாகக் கோடு போட்டிருக்கும்!

உழைப்பாளர் சிலையைச் சுற்றும் ரகசியம்

பாலத்திலிருந்து புறப்பட்டவர்களுக்கு வலது கைப்பக்கம் சென்னைப் பல்கலைக்கழகம், இடது பக்கம் தலைவர்களின் நினைவிடங்கள். கொஞ்ச தூரத்தில் உழைப்பாளர் சிலை. நான்கு பேர் பெரும் பாறை ஒன்றை நெம்பித் தள்ளும் அந்தச் சிற்பம் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959-ல் நிறுவப்பட்டது. இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினத்தை சிங்காரவேலர் 1923-ல் கொண்டாடிய இடங்களில் இந்தக் கடற்கரையும் ஒன்று.

ஓட்டத்தை முடித்த சிலர் சிலைக்குப் பக்கத்தில் குட்டி குட்டி வட்டம் போட்டுக்கொண்டிருப்பதை அங்கே அடிக்கடி பார்க்கலாம். வேண்டுதல் எதுவும் இல்லை. போனில் 5.93 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. அதை ஆறாக்காமல் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. சிந்தாதிரிப்பேட்டைக்காரரும் இந்த வட்டங்களில் பலமுறை சுற்றியவர்தான்.

இத்தனைக்கும் அந்த 5.93 கல்வெட்டு அல்ல. போன் பெரும்பாலும் நொடிக்கு ஒருமுறை தன் இடத்தைக் குறித்துக்கொள்கிறது. புள்ளிக்குப் புள்ளி கோடு போட்டு, எல்லாக் கோட்டையும் கூட்டி தூரம் சொல்கிறது. ஒவ்வொரு புள்ளியும் இரண்டு மூன்று மீட்டர் அப்படி இப்படி விழுந்தால் நேர்க்கோடு கோணல்மாணலாகி தூரம் கூடும். திருப்பத்தில் மூலையை வெட்டிக் கோடு போட்டால் தூரம் குறையும். அக்கம்பக்கமாகவே ஓடிய இரண்டு நண்பர்களில் ஒருவர் போன் ஆறு என்றும், மற்றவர் போன் 6.11 என்றும் சொல்வது இதனால்தான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

உயரக் கணக்கு இன்னும் வேடிக்கை. பக்கவாட்டு இடத்தைச் சொல்லும் அளவுக்கு உயரத்தை ஜி.பி.எஸ்.ஸால் துல்லியமாகச் சொல்ல முடியாது. தட்டையான மெரினாவில் ஓடிவிட்டு வந்தவரிடம், 'இன்று இருபது மீட்டர் ஏறியிருக்கிறீர்கள்' என்று ஆப் பாராட்டும். ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம் அது. எந்த மாடியில் ஏறினார் என்பது அவருக்கே தெரியாது!

ஐஸ் ஹவுஸ் எதிரே நின்ற புள்ளி

சிலைகளைத் தாண்டிக்கொண்டே போனால், விவேகானந்தர் இல்லம் வரும். அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்க பிரெடரிக் டியூடர் 1842-ல் கட்டியது. ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் அப்படி வந்ததுதான். மேலைநாட்டுப் பயணம் முடித்து வந்த விவேகானந்தர் 1897-ல் ஒன்பது நாள் இங்கே தங்கினார்.

ஏப்ரல் மாதத்து ஒரு காலை. பெங்களூருவில் மகள் ஐந்தே முக்காலுக்கு எழுந்து லிங்க்கைத் திறந்தாள். நீலப் புள்ளி ஐஸ் ஹவுஸுக்கு எதிரே இருந்தது. பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தாள். அங்கேயே இருந்தது. பால் பொங்குவதற்குள் இன்னொருமுறை பார்த்தாள். அங்கேயேதான்.

அப்பாவுக்கு போன் போட்டாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டாள். மணி ஆறு ஐந்து. சுகர் உள்ள மனிதர். வெறும் வயிற்றோடு போகாதீர்கள் என்று எத்தனை முறை சொல்லியாகிவிட்டது? அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா ஐஸ் ஹவுஸ் எதிர்ல இருபது நிமிஷமா நகரவே இல்லம்மா. போனும் எடுக்க மாட்டேங்குறாரு."

"நகரலன்னா? எங்கடி உக்காந்திருப்பாரு?"

"அதான்மா எனக்கும் தெரியல."

சிந்தாதிரிப்பேட்டையில் அடுப்பை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனை எழுப்பி, அவன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து அம்மா கிளம்பினார். ஐஸ் ஹவுஸ் எதிரே வந்து பார்த்தால் யாரும் விழுந்து கிடக்கவில்லை. ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நடைபாதைத் திண்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் அவர் இல்லை. அருகம்புல் ஜூஸ் விற்கும் வண்டிக்காரரிடம் அம்மா அடையாளம் சொல்லிக் கேட்டார்.

"நீல டீ-ஷர்ட்டு, கண்ணாடி போட்டவரு... சாரா? அப்பவே லைட்ஹவுஸ் பக்கம் போயிட்டாரேம்மா. கையைக் காட்டிட்டுப் போனாரே!"

அந்த நேரத்தில் 'சார்' நொச்சிக்குப்பத்தில் இருந்தார். சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட லைட்ஹவுஸ், 1977-லிருந்து அங்கே நிற்கிறது. அதைத் தாண்டினால் லூப் ரோடு. கடலுக்குப் போய்த் திரும்பிய படகுகள் மணலில் ஏறியிருக்கும். வலையிலிருந்து மீனை உதறிக்கொண்டிருப்பார்கள். 2024-ல் திறந்த மீன் அங்காடியும் அங்கேதான். அவர் ஒரு மீனவப் பெண்ணிடம் அரைக் கிலோ நெத்திலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். பணம் கொடுக்க ஜி-பேயைத் திறக்கப் போனை எடுத்தபோதுதான் பார்த்தார். பதினான்கு மிஸ்டு கால். முந்தின இரவு சைலன்ட்டில் போட்டது அப்படியே இருந்திருக்கிறது.

"என்னம்மா... என்ன ஆச்சு?" என்று பதறிக்கொண்டு மகளைக் கூப்பிட்டார்.

எதிர்முனையில் கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. "எங்கப்பா இருக்கீங்க?"

"மீன் வாங்கிட்டு இருக்கேம்மா."

புள்ளி நின்றது, மனிதர் நிற்கவில்லை

நடந்தது இதுதான். பேட்டரி குறையத் தொடங்கினால், பின்னணியில் ஓடும் ஆப்களைப் பல போன்கள் தாமாகவே நிறுத்திவிடும். திரை அணைந்து, பைக்குள் கிடக்கும் போனில் ஜி.பி.எஸ்.ஸைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஆப் நிறைய சார்ஜ் தின்னும். போன் அதைத் தேவையில்லாத செலவாக நினைத்து மூடிவிட்டது. ஐஸ் ஹவுஸ் எதிரே போகும்போது அது நடந்தது. அப்பா ஓடிக்கொண்டேயிருந்தார். புள்ளி அங்கேயே நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் மகள் அந்த லிங்க்கை மறுபடி திறந்து பார்த்தாள். புள்ளிக்குக் கீழே, சின்ன எழுத்தில், 'கடைசியாகப் புதுப்பித்தது 5.41' என்று இருந்தது. உண்மை காலையிலேயே திரையில் இருந்திருக்கிறது. பயத்தில் கண்ணுக்குப் படவில்லை.

புள்ளி நின்றால் இரண்டு காரணம் இருக்கலாம். மனிதர் நின்றிருக்கலாம் அல்லது போன் நின்றிருக்கலாம். எது என்று புள்ளி சொல்லாது. இதன் மறுபக்கமும் உண்டு. ஓடுகிறவர் தலைசுற்றிச் சாய்ந்தால், ஆப்புக்கு அது வெறும் ஓய்வு. 'ஓட்டம் தானாக நிறுத்தி வைக்கப்பட்டது' என்று சமர்த்தாகச் சொல்லிவிட்டு, அவர் எழுந்து ஓடும்வரை காத்திருக்கும்.

இன்னும் யார் பார்க்கிறார்கள்?

மகள் பார்ப்பது அன்பினால். அதே கோட்டை மற்றவர்களும் பார்க்க முடியுமென்றால்?

இதில் பலரும் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. செயற்கைக்கோளுக்கு யாரையும் தெரியாது. அது ரேடியோ நிலையம் மாதிரி பேசிக்கொண்டேயிருக்கும். போன் கேட்டுக்கொள்ளும். அதனால்தான் இன்டர்நெட் இல்லாத காட்டிலும் ஜி.பி.எஸ். வேலை செய்கிறது. யார், எங்கே, எத்தனை மணிக்கு என்பதைச் சேர்த்து வைப்பது ஆப்தான்.

உலகம் முழுக்க ஓடுகிறவர்களின் தடங்களைச் சேர்த்து ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் ஓர் ஒளி வரைபடம் வெளியிட்டது. அதிகம் பேர் ஓடும் பாதை அதில் பளிச்சென்று எரியும். பெயர் எதுவும் கிடையாது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர், பாலைவனங்களின் நடுவே தனியாக ஒளிரும் சில கோடுகளைச் சுட்டிக்காட்டினார். ராணுவ முகாம்களைச் சுற்றி வீரர்கள் தினமும் ஓடிய தடங்கள் அவை. மறைவாக இருக்க வேண்டிய முகாம்களின் உள்பாதைகள் வரை படமாகக் கிடைத்துவிட்டன.

ராணுவ முகாமுக்கே இந்தக் கதி என்றால், தினமும் காலை ஐந்தரைக்குத் தனியாக வீட்டை விட்டுக் கிளம்பும் ஒரு பெண்ணுக்கு? பத்து நாள் ஓட்டத்தைப் பொதுவில் போட்டால் அவர் வீடு எந்தத் தெரு, எத்தனை மணிக்கு வெளியே வருகிறார், எந்த இடத்தில் திரும்புகிறார் என்பதெல்லாம் வரைபடத்திலேயே இருக்கிறது. இதற்குத் தீர்வும் ஆப்பிலேயே உண்டு. வீட்டைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்குத் தடத்தை மறைக்கும் வசதி பல ஆப்களில் இருக்கிறது. யார் பார்க்கலாம் என்பதை 'எல்லோரும்' என்பதிலிருந்து 'நண்பர்கள் மட்டும்' என்றோ, 'நான் மட்டும்' என்றோ மாற்றலாம். ஆனால், மாற்ற வேண்டியவர் பயன்படுத்துகிறவர்தான்.

வெயிலை அளக்காத ஆப்

மெரினாவில் ஜனவரி வேறு, மே வேறு. ஜனவரி கடைசியில் சூரியன் எழ ஆறரை தாண்டிவிடும். ஓடி முடிக்கும்வரை இதமான இருட்டு. மே கடைசியில் ஐந்து நாற்பதுக்கெல்லாம் சூரியன் கடலுக்கு மேல் வந்துவிடும். காற்றில் ஈரப்பதம் கனக்கும். வியர்வை காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? உடலைக் குளிர்விக்க இதயம் கூடுதலாக உழைக்கும். அதே வேகத்தில் ஓடினாலும் மூச்சு வாங்கும்.

ஆப்போ, 'ஜனவரியைவிட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நாற்பது நொடி மெதுவாக ஓடுகிறீர்கள்' என்று கணக்கு காட்டும். கோபத்தில் வேகத்தைக் கூட்டுகிறவர்கள் உண்டு. வயதானவர்களும் சுகர், இதயப் பிரச்னை உள்ளவர்களும் இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஓடுகிறவரோடு இரண்டு வாக்கியம் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச முடியவில்லை என்றால், போன் என்ன சொன்னாலும் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

கிளம்பும் முன் ஐந்து விஷயம்

* ஓட்ட ஆப்புக்கு மட்டும் பேட்டரி சிக்கனக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு கொடுங்கள். போன் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் இருக்கும்.
* சைலன்ட்டை எடுத்துவிட்டுப் போனைப் பையில் போடுங்கள். பூட்டிய திரையிலேயே அவசரத் தொடர்பு எண்ணும் மருத்துவ விவரமும் தெரியும்படி வையுங்கள்.
* ஆரம்பிக்கும் முன் திறந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று ஜி.பி.எஸ். கிடைத்த பிறகு பட்டனைத் தட்டுங்கள். தொடக்கத் தூரம் பிசகாது.
* வீட்டுப் பகுதியை மறையுங்கள். நேரலைத் தடத்தை வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள்.
* இன்சுலின் அல்லது சுகர் மாத்திரை எடுப்பவர்கள், ஓடும் நாளில் எப்போது என்ன சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பையில் கொஞ்சம் குளுக்கோஸோ இனிப்போ இருக்கட்டும்.

ஜூஸ் அண்ணா

ஏப்ரல் சம்பவத்துக்குப் பிறகு, ஆப்பே வேண்டாம் என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். "அது இல்லாதப்ப நிம்மதியா இருந்தேன். இப்ப அது நின்னா என் நெஞ்சும் நின்னுடுது." மகளுக்கு ஆப்பை விட மனமில்லை. முன்னூறு சொச்சம் கிலோமீட்டரில் கிடைக்கும் மற்றவற்றைவிட, வரைபடத்தில் நகரும் அந்தப் புள்ளிதான் அவளுக்கு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல. ஆனால், 'பெங்களூருவுக்கும் மெரினாவுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் புள்ளி மறைக்கிறதே தவிரக் குறைக்கவில்லை' என்பதும் அவளுக்கு அன்று புரிந்திருந்தது.

தீர்வு அப்பாவிடமிருந்து வந்தது. அடுத்த நாள் ஓடும்போது ஜூஸ் வண்டி முன்னால் நின்றார். விஷயத்தைச் சொன்னார். வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே தன் நம்பரைக் கொடுத்தார். தினமும் நாலரைக்கு வந்து கடை போடுகிறவர். யார் யார் எத்தனை மணிக்குப் போவார்கள், யார் இரண்டு நாளாக வரவில்லை, யார் இன்று நொண்டுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எந்தச் செயற்கைக்கோளின் தயவும் இல்லாமல்.

மகளின் போனில் அந்த நம்பர் 'ஜூஸ் அண்ணா, மெரினா' என்று ஏறியது.

ஜூன் மாதத்தில் ஒருநாள் புள்ளி மறுபடி நின்றது. இந்தமுறை அவள் முதலில் கீழே இருந்த சின்ன எழுத்தைப் படித்தாள். ஒரு நிமிடத்துக்கு முன்புதான் புதுப்பித்திருந்தது. அப்படியானால் போன் நிற்கவில்லை, அப்பாதான் நிற்கிறார். கை லேசாக நடுங்க, ஜூஸ் அண்ணாவைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அப்பா அங்க எங்கயாவது தெரியுறாராண்ணா?"

"இதோ எதிர்ல திண்டுல உக்காந்து ஷூ லேஸ் கட்டிட்டிருக்காரும்மா. போனைக் கொடுக்கவா?"

"வேண்டாம்ண்ணா. நான் கேட்டேன்னு சொல்லாதீங்க."

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். சிறிது நேரத்தில் நீலப் புள்ளி அசைந்தது. லைட்ஹவுஸ் பக்கமாக, மெதுவாக.